சனிக்கிழமை வகுப்பும் நீராவி வால்வும்

திருப்பதிக்கு வெளியே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வீடு சித்தூரில். காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் என் கணவரும் சேர்ந்துதான் பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். அவர் வேலூர் பஸ்ஸில் ஏறுவார், நான் திருப்பதி பஸ்ஸில். சாயங்காலம் யார் முதலில் வீடு திரும்புகிறார்களோ அவர் உலை வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலும் அவர்தான் வைப்பார். சனியும் ஞாயிறும்தான் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் வெளிச்சத்தில் பார்ப்பது. அதில் சனிக்கிழமையைக் கல்லூரி எடுத்துக்கொண்டது.

துறைத்தலைவர் ஒரு நாள் அறைக்குக் கூப்பிட்டார். ஆலைகளில் வேலை பார்க்கும் இன்ஜினியர்களுக்கு சனிக்கிழமைகளில் ஒரு கோர்ஸ் தொடங்கப்போவதாகவும், பாடம் ‘நான்லீனியர் சிஸ்டம் ஐடென்டிஃபிகேஷன்’ என்றும், என்னுடைய ஆராய்ச்சி அதில்தான் என்பதால் நானே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சனிக்கிழமை வர வேறு யாரும் சம்மதிக்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். எப்படி மறுப்பது என்று மனத்துக்குள் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

இந்தப் பாடத்தின் பெயரைச் சொன்னால் எங்கள் சொந்தத்தில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. விஷயம் இவ்வளவுதான். ஓர் இயந்திரத்துக்கு ஒரு பக்கம் எதையோ கொடுக்கிறோம், மறுபக்கம் அது எதையோ தருகிறது. நீராவி வரும் வால்வைக் கொஞ்சம் திறந்தால் சூடு கொஞ்சம் ஏறுகிறது. கொடுத்ததையும் வந்ததையும் பதிவு செய்துகொண்டால், உள்ளே பிரித்துப் பார்க்காமலே அந்த இயந்திரத்தின் குணத்தைக் கணக்காக எழுதிவிடலாம். இரண்டு மடங்கு கொடுத்தால் இரண்டு மடங்கு வரும் என்றால் வேலை சுலபம். எந்த இயந்திரமும் அவ்வளவு நேர்மையாக நடப்பதில்லை. கொஞ்சம் திறந்தால் ஒன்றும் ஆகாது. இன்னும் கொஞ்சம் திறந்தால் கொதித்துவிடும். ஏறும்போது ஒரு வழியில் போகும், இறங்கும்போது வேறு வழியில் வரும். அந்தக் கோணல்களையும் சேர்த்துக் கணக்கில் பிடிப்பதுதான் என் பாடம்.

முதல் வகுப்புக்கு அறை நிறைந்திருந்தது. ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளிலிருந்து வந்தவர்கள், ரேணிகுண்டா பக்கம் வேலை செய்பவர்கள், சித்தூரின் மாம்பழக் கூழ் ஆலைகளிலிருந்து வந்த ஓரிருவர். பாதிப்பேர் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். முகத்தைக் கழுவி, தலையைத் தண்ணீரால் படிய வாரியிருந்தார்கள். அதனாலேயே யார் தூங்கவில்லை என்பது தெரிந்தது. ஒருவர் கையில் எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர்க் கட்டு. முட்டை வெள்ளையின் வாசம் இரண்டாவது வரிசை வரைக்கும் வந்தது.

வாரக்கணக்கில் உட்கார்ந்து தயாரித்த பாடம் என்னிடம் இருந்தது. எம்.டெக். மாணவர்களுக்குச் சொல்வதைவிடத் திருத்தமாகச் செய்திருந்தேன். மூன்றாவது சமன்பாட்டை எழுதிவிட்டுத் திரும்பியபோது கடைசி வரிசையில் ஒரு தலை மேஜை மேல் சாய்ந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்பினார். எழுந்தவர் பதறிப்போய், “சாரி மேடம், அர்த்தமவுதுந்தி மேடம்” என்றார், புரிகிறது என்று தெலுங்கில். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே இருந்தது.

டீ நேரத்தில் ஒருவர் வந்து, இதையெல்லாம் எக்செல்லில் செய்துவிட முடியுமா என்று கேட்டார். இன்னொருவர், சர்டிஃபிகேட்டில் கல்லூரிப் பெயர் மேலே பெரிதாக வருமா என்று கேட்டார். நான் இரண்டுக்கும் ஆமாம் என்றேன்.

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் சந்திரகிரி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். என் வகுப்பில் இருப்பவர்களில் பாதிப்பேர் என்னைவிட மூத்தவர்கள். அவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மொழி வேண்டும். அந்த மொழி என்னிடம் இல்லை. அடுத்த சனிக்கிழமை கரும்பலகையை அழித்துவிட்டு, அவரவர் ஆலையிலிருந்து ஏதாவது ஓர் இயந்திரத்தின் பதிவுகளைக் கொண்டுவாருங்கள், அதை வைத்தே பாடம் நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சிலர் கொண்டுவந்தார்கள். திரையில் போட்டுப் பார்த்தால் எல்லாம் தட்டைக் கோடு. ஒழுங்காக ஓடுகிற ஆலையில் எதுவும் அசைவதில்லை. அசையாததைப் பார்த்து எதைக் கண்டுபிடிப்பது? வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையின் குணம் பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தெரியுமா என்றேன். அதற்கு மட்டும் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். கோபம் வருமா வராதா என்று தெரிய வேண்டுமென்றால் சீண்டிப் பார்க்க வேண்டும். இயந்திரத்தையும் அப்படித்தான். வால்வை வேண்டுமென்றே கொஞ்சம் திறந்து, நிறையத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.

“யார் மேடம் வுடுவாங்க?” என்றார் ஸ்ரீசிட்டியிலிருந்து வரும் ஒரு ஆள். “ஓடிக்கினு இருக்கற லைன்ல கைய வச்சா அடுத்த நாள் நாங்க உள்ளயே போவ முடியாது.”

அவர் சொன்னது நியாயம். அதற்கு அடுத்த வாரம் அவர் வரவில்லை. புத்தூர்க் கட்டுக்காரரும் வரவில்லை. சித்திரை வெயில் ஏற ஏற நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன. நான் வருகையைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டேன். கேட்பார் யாருமில்லை.

ஒருவர் மட்டும் தவறாமல் வந்தார். சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் சீனியர் இன்ஜினியர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கும். பாய்லர் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டதால் முன் வரிசையில், நல்ல காதை என் பக்கம் திருப்பி உட்காருவார். எங்கள் மாதிரியே தமிழ் பேசும் எல்லையோரக் குடும்பம். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். இரண்டு பேரும் அதே பஸ்ஸில் திரும்பி வருவோம். அவர் பின்பக்கம், நான் முன்னால் பெண்கள் சீட்டில்.

அவர் கொண்டுவந்த பதிவு ஒன்றுதான் தட்டையாக இல்லை. கூழை டிரம்மில் அடைப்பதற்கு முன்னால் நீராவியால் சூடாக்கிக் கிருமி நீக்குவார்கள். அந்தச் சூடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் அதிகமாக இறங்கிவிட்டால் கூழ் தானாகவே திரும்பிப் போய் மறுபடி வேகும். இரண்டு தடவை வெந்த கூழின் நிறம் மங்கிவிடும். வாங்குகிறவன் திருப்பி அனுப்புவான்.

“ஆலையில எல்லாரும் என்னத்தான் கொற சொல்றாங்க மேடம்,” என்றார். “செட்டிங் மாத்தி மாத்தி வச்சுப் பாத்துட்டேன். இப்ப வெளியிலேர்ந்து ஒரு கம்பெனிய கூப்புட்டு கன்ட்ரோல் பூராத்தையும் புதுசா மாத்தறோம்னு சொல்லிக்கினு இருக்காங்க. மாத்தட்டும். ஆனா தப்பு எதுலன்னு தெரியாம மாத்தினா அதுவும் ஆடும்.”

அவர் பதிவை வைத்து வகுப்பிலேயே ஒரு கணித மாதிரியைக் கட்டினேன். இயந்திரத்தின் கோடும் என் கணக்கின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. அறையில் ஒரு சலசலப்பு. அத்தனை வாரத்தில் முதல்முறையாக யாரோ கைப்பேசியில் திரையைப் படம் எடுத்தார்கள். இதே கணக்கை வேறொரு நாளின் பதிவில் ஓட்டிப் பார்த்தால்தான் நம்பலாம், அடுத்த வாரம் பார்ப்போம் என்றேன். அவர் தலையாட்டினார். அது அவர் காதில் விழுந்ததா இல்லையா தெரியவில்லை.

அடுத்த வாரம் வேறொரு நாளின் பதிவில் ஓட்டினேன். இரண்டு கோடுகளும் ஆளுக்கொரு திசையில் போயின. இதுதான் பாடத்தின் மையம், ஒரு நாளை மனப்பாடம் செய்த கணக்கு அடுத்த நாளைச் சொல்லாது என்று நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. டீ நேரத்தில்தான் சொன்னார்.

“மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன் மேடம். காலேஜ் மேடம் கண்டுபுடிச்சிட்டாங்கன்னு.”

“எப்ப சார் சொன்னீங்க?”

“திங்கக்கெழமையே.”

டீயைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வராந்தாவில் நின்றோம். கடைசியில், நானே வந்து மேனேஜரிடம் பேசுகிறேன் என்றேன். சொல்லிய உடனே அதற்கு ஒரு நாள் லீவு போட வேண்டுமே என்று அலுப்பாக இருந்தது.

நான் போனபோது சீசன் ஆரம்பித்துவிட்டது. ஆலைக்குப் போகும் சாலையின் ஒரு பக்கம் முழுக்க மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள். டிரெய்லருக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர்களின் கால்கள் சாலையோரம் நீண்டிருந்தன. பழுத்த வாசம் தூக்கலாக, கொஞ்சம் புளிப்பேறி வந்தது.

மேனேஜர் மரியாதையான மனிதர். “ரண்டி மேடம், கூர்ச்சோண்டி” என்று நாற்காலியைக் காட்டினார். அவரும் பல நாள் தூங்காதவர்போல இருந்தார். நான் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெலுங்கில் விளக்கினேன். கூழ் ஓடும்போது ஒரு சில மணி நேரம் வால்வை நம் இஷ்டப்படி திறந்து மூடிப் பார்க்க வேண்டும், தண்ணீரில் செய்தால் பயனில்லை, கூழின் குணம் வேறு, தண்ணீரின் குணம் வேறு என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, “பயட சூசாரா மேடம்?” என்றார். வெளியே பார்த்தீர்களா?

பார்த்தேன் என்றேன்.

அதற்குப் பிறகு அவர் பேசியதும் தெலுங்கில்தான். அந்த வண்டிகள் வெயிலில் நிற்கின்றன, ஒவ்வொரு மணி நேரமும் பழம் இளகுகிறது, லைன் ஒரு மணி நேரம் நின்றால் கேட்டில் சண்டை வருகிறது, உங்கள் வகுப்புக்காக நான் அவர்களிடம் என்ன சொல்லட்டும்? குரலை உயர்த்தாமல் கேட்டார். நான் பிறந்து வளர்ந்தது அந்த டிரெய்லருக்கு அடியில் படுத்திருப்பவர்கள் மாதிரியான வீட்டில்தான். எங்கள் நைனா அடுத்தவர் தோப்பில் கூலிக்குக் காய் பறித்தவர். மேனேஜர் மோர் வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வெளியில் எனக்காகக் காத்திருந்த சீனியர் இன்ஜினியர், “வுடுங்க மேடம். நான் முன்னாடியே சொன்னேன் இல்ல” என்றார். அவர் முன்னாடி அப்படி எதுவும் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் மூன்று பேர். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பாடம் நடத்தினேன். முதல் தடவையாக.

பிறகு ஒரு வார நாளில், காலையில் நான் திருப்பதி பஸ்ஸில் இருந்தபோது சீனியர் இன்ஜினியரிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஆலைச் சத்தம் இல்லை. அதுவே விசித்திரமாக இருந்தது.

“மேடம், டிரம் ஏத்திக்கினு வர்ற லாரி வழியில நின்னுபோச்சு. கூழ் அடைக்க டிரம் இல்ல. லைன் நிக்குது. உள்ள இருக்கற கூழ் எப்படியும் வீண்தான். லாரி வர்ற வரைக்கும் பாத்துக்கங்கன்னு மேனேஜரே சொல்லிட்டாரு. ஒடனே வர முடியுமா?”

காணிப்பாக்கம் கிராஸில் இறங்கிக்கொண்டேன். எதிர்ப்பக்கம் நின்று ஷேர் ஆட்டோ பிடித்தேன். துறைத்தலைவருக்கு உடம்பு சரியில்லை என்று மெசேஜ் அனுப்பினேன். அது முழுப் பொய்யும் இல்லை.

ஆலை கேட்டுக்கு முன்னால் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது யாரோ “அக்கா!” என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் என் தம்பி. கங்காதர நெல்லூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறான். தலையில் துண்டு, கண்ணெல்லாம் சிவப்பு. வரிசையில் அவன் டிராக்டரும் நிற்கிறது என்பது எனக்குத் தெரியாது. அவன் சொல்லியிருக்கவில்லை.

“நீ இன்னாக்கா இங்க?”

“உள்ள ஒரு வேல இருக்குதுடா.”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “உள்ள உனுக்கு ஆள் தெரியுமா? நேத்துலேர்ந்து நின்னுக்கினு கீறேன்க்கா. பழம் வெந்துக்கினு கீது. நம்ம வண்டிய மட்டும் கொஞ்சம் முன்னால வுடச் சொல்லேன்.”

“நான் வந்தது வேற விஷயம்டா. எனக்கு அந்த மாதிரி எல்லாம் சொல்ல முடியாது.”

“ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவ?”

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வேறு என்ன சொல்லிவிட்டு அவனைக் கடந்துபோவது?

கன்ட்ரோல் ரூமில் அவர் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். இயந்திரம் தானாகச் சூட்டைச் சரிசெய்துகொள்வதை நிறுத்திவிட்டு, வால்வை எங்கள் கையில் எடுத்துக்கொண்டோம். மிஞ்சிய கூழ் குழாய்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. நான் என் லேப்டாப்பைத் திறந்தேன். அவர் திரையில் வால்வுக்குக் கட்டளை கொடுப்பார், நான் சூடு எப்படி மாறுகிறது என்று பார்ப்பேன்.

“கொஞ்சம் தொறங்க சார்.”

திறந்தார். காத்திருந்தோம். சூட்டின் கோடு நகரவே இல்லை.

“இன்னும் கொஞ்சம்.”

அதே கோடு. அவர் என்னைப் பார்த்தார். நல்ல காதைத் திருப்பி, “இன்னும் வேணுமா?” என்றார்.

“இன்னும் துளி.”

திடீரென்று கோடு எகிறியது. நாங்கள் கடைசியாகத் திறந்தது துளி. சூடு ஏறியது மூன்று தடவைக்கும் சேர்த்து. பிறகு மூடச் சொன்னேன். கொஞ்சம் மூடினார், அசைவில்லை. இன்னும் கொஞ்சம், அசைவில்லை. அடுத்ததில் சூடு தடாலென்று விழுந்தது.

அதற்குள் என் போன் அடித்தது. தம்பி. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. சத்தத்தை நிறுத்திக் கவிழ்த்து வைத்தேன்.

சின்ன அளவில், பெரிய அளவில், குறைந்த சூட்டில், கூடின சூட்டில் என்று மாற்றி மாற்றிச் செய்தோம். ஒவ்வொரு தடவையும் கோடு வேறு மாதிரி வந்தாலும் அந்தத் தயக்கமும் அந்தப் பாய்ச்சலும் மாறவில்லை. கொடுத்த கட்டளையையும் வந்த சூட்டையும் ஒரே படத்தில் வரைந்தபோது ஏறும் வழியும் இறங்கும் வழியும் சேர்ந்து ஒரு பெட்டி மாதிரி நின்றது. கரும்பலகையில் எத்தனையோ முறை நான் வரைந்து காட்டிய படம். ஒரு நிஜ இயந்திரத்திலிருந்து என் கண்ணெதிரில் அது வருவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சந்தோஷப்படத்தான் வேண்டும். நாற்காலியில் பின்னால் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன்.

“மேடம்?” என்றார் அவர்.

“வால்வு ஒட்டிக்கிட்டு இருக்கு சார். கட்டளை போவுது, அது நகரல. அழுத்தம் சேர்ந்து சேர்ந்து கடைசியில ஒரே குதி குதிக்குது. நீங்க எந்த செட்டிங் வச்சாலும் சூடு ஆடத்தான் செய்யும்.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: “அப்ப செட்டிங் தப்பு இல்ல.”

“இல்ல சார்.”

“போன ஆஃப் சீசன்ல இந்த வால்வ கழட்டி ஓவர்ஹால் பண்ணணும்னு கேட்டேன். இது நல்லாதானே கீதுன்னுட்டாங்க. நானும் வுட்டுட்டேன். எனக்கும் அது நல்லாதான் இருக்கற மாதிரி தெரிஞ்சிச்சும்மா.”

மேடம் போய் அம்மா ஆகியிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மேனேஜர் வந்து படத்தைப் பார்த்தார். விளக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். கணக்கு எதுவும் சொல்லாமல், வண்டிச் சக்கரம் சேற்றில் மாட்டிக்கொண்டு, தள்ளத் தள்ள நகராமல், பிறகு மொத்தமாக எகிறிப் பாய்வதைச் சொன்னேன். பக்கத்தில் கொய்யாக் கூழ் லைன் ஒன்று சும்மா நின்றிருந்தது. அதிலும் அதே அளவு வால்வு. அதைக் கழற்றி இதில் மாட்டச் சொன்னார். லாரி வருவதற்கு முன் முடியுமா என்று ஃபிட்டர்களைக் கேட்டார். முடியும் என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்?

நான் வெளியில் வந்தபோது உச்சி வெயில். தம்பியின் டிராக்டர் அதே இடத்தில் நின்றது. அவன் என்னைப் பார்த்துக் கிட்டே வரவில்லை. நான்தான் போனேன்.

“உள்ள மிஷின நிறுத்தி வச்சுக்கீறாங்கன்னு சொல்றாங்க,” என்றான். “யாரோ காலேஜ்லேர்ந்து வந்து சோதன பண்றாங்களாம். நீதானே?”

“டிரம் வரலடா. டிரம் இல்லாம எப்படி ஓட்டுவாங்க? அதனாலதான் எங்கள உள்ள வுட்டாங்க.”

“நீ உள்ள போன. அதுக்கப்புறம் ஒரு வண்டி நவுரல.”

“அதுக்கு முன்னாடியும் நவுரலயே.”

அவன் டிரெய்லரில் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்து என் முன்னால் நீட்டினான். கட்டை விரலால் லேசாக அழுத்தினான். விரல் உள்ளே போனது.

“இத இன்னா பண்றது, சொல்லு.”

போனை ஏன் எடுக்கவில்லை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். பழத்தை வாய்க்காலில் எறிந்துவிட்டு டிராக்டர் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டான். சாப்டியா என்று கேட்டேன். துன்னாச்சு என்றான், முகத்தைத் திருப்பாமல்.

டிரம் லாரி பொழுது சாய்வதற்கு முன் வந்துவிட்டதாம். மாற்றிய வால்வுடன் லைன் ஓடத் தொடங்கியது. சூட்டின் ஆட்டம் பாதிக்குமேல் குறைந்துவிட்டது, முழுக்க நிற்கவில்லை என்று அவர் போனில் சொன்னார். கூழ் கெட்டியாக வரும்போது இன்னும் கொஞ்சம் ஆடுகிறது. அதற்கு வேறு கணக்கு வேண்டும். ஆனால் கூழ் திரும்பிப்போய் இரண்டாம் தடவை வேகுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. வெளிக் கம்பெனிக்காரர்களை இந்த வருஷம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வருஷம் வேண்டாம்.

தம்பியின் பழம் மறுநாள் உள்ளே போனது. கொஞ்சத்தைக் கழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார்கள். அது எனக்கு அவன் மனைவி மூலம் தெரிந்தது. ஆடி முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. நான் இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. என் கணவர், விடு, தானாக வருவான் என்றார். ஆவணியில் வந்தான். அவன் மகளுக்கு எங்கள் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று கேட்டான். மார்க் இருக்கிறது, கிடைக்கும் என்றேன். ஆலையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. காபி குடித்தான், போய்விட்டான். முன்பு வந்தால் சாப்பிடாமல் போக மாட்டான்.

கோர்ஸின் கடைசி வகுப்பில் சீனியர் இன்ஜினியரையே பாடம் நடத்தச் சொன்னேன். கூச்சப்பட்டார். பிறகு எழுந்து, அந்தப் பெட்டிப் படத்தைத் திரையில் போட்டுவிட்டு, தமிழும் தெலுங்கும் கலந்து கடகடவென்று சொன்னார். என் சமன்பாடுகளில் ஒன்றே ஒன்றைப் பயன்படுத்தினார், அதையும் சரியாகப் பயன்படுத்தினார். விட்டுப்போன சிலர் அன்றைக்கு சர்டிஃபிகேட்டுக்காக வந்திருந்தார்கள். அவர்களில் ஸ்ரீசிட்டிக்காரர் கையைத் தூக்கி, “எங்க லைன்ல ஓவன் ஒண்ணு இப்படித்தான் குதிக்குது. ஆனா எங்க ஆளு தொடவே வுட மாட்டான் சார், இன்னா பண்றது?” என்று கேட்டார். கேள்வி என்னிடம் வரவில்லை, அவரிடம் போனது.

அவர் யோசித்தார். “எதுனா ஒரு நாளு தானா நிக்கும். அன்னிக்கு ரெடியா இருங்க” என்றார்.

அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. என் புத்தகங்களிலும் இல்லை. அதற்காக எனக்கு வருத்தமும் இல்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறிக் காற்று அங்கேதான் நன்றாக வருகிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஏன் எல்லோரும் அங்கே போய்த் தூங்கினார்கள் என்பதும் புரிந்தது.

கல்லூரிக்கு கோர்ஸ் வெற்றி. சிரித்த முகங்களோடு ஒரு படம் நோட்டீஸ் போர்டில் ஏறியது. துறைத்தலைவர் மறுபடி கூப்பிட்டார். அடுத்த பேட்ச்சுக்கு நிறையப் பேர் கேட்கிறார்கள் என்றார். இந்த முறை வாக்கியம் தயாராக இருந்தது. சனிக்கிழமை வேண்டாம், வார நாளில் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம், என் வழக்கமான வகுப்புகளில் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்றேன். பார்க்கலாம் மேடம் என்றார். பார்த்தார். சனிக்கிழமையே வந்தது. ஒரு வகுப்பு மட்டும் குறைந்தது. அதுவாவது குறைந்ததே.

சீசன் முடிந்து ஆலையை மூடிய பிறகு சீனியர் இன்ஜினியர் ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தார். அந்தப் பழைய வால்வை ஞாயிற்றுக்கிழமை பிரிக்கப்போகிறோம், உள்ளே எங்கே பிடித்துக்கொண்டிருந்தது என்று நீங்களும் பார்க்க வேண்டும், ஆட்டோ அனுப்புகிறேன் என்றார். கட்டாயம் வருகிறேன் என்றேன். பார்க்க ஆசையும் இருந்தது. நாங்கள் வெளியிலிருந்தே கணக்கில் கண்டுபிடித்த ஒன்றைத் திறந்து பார்க்கிற வாய்ப்பு என் வேலையில் எத்தனை தடவை வரும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பல் தேய்த்தேன். காபி குடித்தேன். பஸ் இல்லாத, கரும்பலகை இல்லாத ஒரு காலை. ஐந்து நிமிஷம் படுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று படுத்தேன். என் கணவர் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஆட்டோக்காரரிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டிருக்கிறார். கண் விழித்தபோது அவர் சோறு வடித்துவிட்டு, அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்.

“உன்ன எழுப்ப மனசு வரல” என்றார்.

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.